மின்மீட்டரிலிருந்து கற்றைவரை: பெருந்திறன் துகள் முடுக்கிகளின் மின்செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இயற்பியலும் மின்பொறியியலும் படிக்கும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். துகள் முடுக்கிகளைப் பற்றிப் பேசும் நாள்களில் ஹிக்ஸ் போசானைப் பற்றிய கேள்விக்கு முன்பாகவே "இதற்கு எவ்வளவு கரண்ட் ஆகும்?" என்ற கேள்வி வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டும் வீட்டிலிருந்து வருபவர்கள் அப்படிக் கேட்பது இயல்பு. அதுவே சரியான கேள்வியும்கூட. மீண்டும் மீண்டும் எழுந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

துகள் முடுக்கியில் "பெருந்திறன்" என்பது எதைக் குறிக்கிறது?

மின்னூட்டம் கொண்ட துகள்களை மின்புலத்தால் தள்ளி வேகப்படுத்தி, காந்தங்களால் வழிநடத்தி, ஒரு கற்றையாக இலக்கில் மோதவிடும் கருவியே துகள் முடுக்கி. ஒவ்வொரு துகளும் எவ்வளவு ஆற்றல் பெறுகிறது என்பது ஒரு கணக்கு; நொடிக்கு எத்தனை துகள்கள் வருகின்றன என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் கற்றையின் திறன். சுவிட்சர்லாந்தின் வில்லிகன் ஊரில் உள்ள பால் ஷெரர் நிறுவனத்தின் வளைய சைக்ளோட்ரான் (துகள்களைச் சுற்றவிட்டு வேகப்படுத்தும் ஒரு வகை முடுக்கி) புரோட்டான்களுக்கு 590 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தருகிறது; அதாவது 59 கோடி வோல்ட் தள்ளினால் ஒரு புரோட்டான் பெறும் ஆற்றல். அதன் கற்றை மின்னோட்டம் 2.4 மில்லிஆம்பியர் வரை எட்டியிருக்கிறது. 59 கோடி வோல்ட்டை 0.0024 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 1.4 மெகாவாட் வருகிறது. இத்தகைய எந்திரங்களைத்தான் பெருந்திறன் முடுக்கிகள் என்கிறோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ், ஜப்பானின் தோக்காய் ஆகிய இடங்களிலும் மெகாவாட் அளவுக் கற்றைகள் இயங்குகின்றன. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எழும் ஐரோப்பிய நியூட்ரான் மையம் 5 மெகாவாட் கற்றைக்காக வடிவமைக்கப்பட்டது.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி வேறு வகை. அதில் ஒவ்வொரு புரோட்டானின் ஆற்றலும் மிகப் பெரிது. ஆனால் அதே புரோட்டான்கள் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முழு வடிவமைப்பு நிலையில் ஒரு கற்றையில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 362 மெகாஜூல், அதாவது ஏறத்தாழ 100 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விலையின்றித் தரப்படும் அதே 100 யூனிட்தான்! அந்த 100 யூனிட்டை 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் உருவாக்கிக் காத்து நிற்பதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடி யூனிட் செலவாகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் எதனால் வந்தது என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போகிறோம்.

செர்ன் முழுவதற்கும் எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

முழுவீச்சில் இயங்கும் ஆண்டில் ஏறத்தாழ 130 கோடி யூனிட். உச்சத் தேவை 200 மெகாவாட்டை ஒட்டியது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஓர் அலகு முழுமூச்சாய் ஓடினால்தான் செர்னின் உச்சத் தேவை நிறைவேறும். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு வீட்டை அளவாக வைத்தால், 130 கோடி யூனிட் என்பது ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளின் ஓராண்டுச் செலவு.

10 மெகாவாட் உள்ளே போய் 1.4 மெகாவாட் கற்றையாக வருகிறது என்றால், மீதி எங்கே போகிறது?

மேலே சொன்ன சுவிஸ் முடுக்கி மின்வலையமைப்பிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 10 மெகாவாட். 1974இல் முதல் கற்றையைத் தந்த அந்த எந்திரம் இன்றும் தன் வகையில் சிக்கனமானவற்றுள் ஒன்று. அதன் கற்றை இடைவிடாமல் வருகிறது. காந்தப்புலத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. ரேடியோ அலையால் துகளைத் தள்ளும் உலோக அறைகளான முடுக்கக் குழிகளையே புரோட்டான்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கின்றன. கற்றையை வெளியே எடுக்கும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே சிதறுகிறது. அப்படியிருந்தும் மீட்டரில் ஓடிய ஏழு யூனிட்டில் ஒன்றுதான் கற்றையாகிறது.

மீதி ஆறு போகும் வழியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். உயரழுத்த மின்சாரம் மின்மாற்றி, நேர்மின்னாக்கி வழியாக வரும்போது கொஞ்சம் இழப்பு. அதை ரேடியோ அலையாக மாற்றும் பெருக்கியில் பெரிய இழப்பு. அந்த அலை செப்புக் குழிக்குள் நுழைந்ததும் குழியின் சுவரிலேயே கணிசமான பகுதி சூடாகிவிடுகிறது. கற்றையை வளைக்கும் மின்காந்தங்களின் செப்புச் சுருள்கள் கற்றை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரத்தை உண்கின்றன. இத்தனை வெப்பத்தையும் வெளியேற்றப் பம்புகள், குளிர்விப்பான்கள், காற்றோட்ட விசிறிகள் என்று இன்னொரு வரிசை. கடைசியில் அந்த 1.4 மெகாவாட் கற்றையும் இலக்கில் மோதி வெப்பமாகிறது. ஆகவே முடுக்கியின் சிக்கனத்தைப் பேசுவது என்றால் வெப்பத்தைப் பற்றிப் பேசுவது என்றே பொருள்.

ரேடியோ அலைப் பெருக்கியை மட்டும் மேம்படுத்தினால் எவ்வளவு மிச்சமாகும்?

நிறைய. பெரிய முடுக்கிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் கிளைஸ்ட்ரான் குழல்களின் பயனுறுதிறன் (உள்ளே போகும் மின்சாரத்தில் ரேடியோ அலையாக வெளிவரும் பங்கு) பெரும்பாலும் 60 விழுக்காட்டை ஒட்டியது. அதை 80 விழுக்காட்டுக்கு உயர்த்தும் வடிவமைப்புகளில் இப்போது தீவிரமாக வேலை நடக்கிறது. செர்னின் அடுத்த திட்டமாகப் பேசப்படும் 91 கிலோமீட்டர் எலக்ட்ரான்-பாசிட்ரான் வளையத்தில், இரண்டு கற்றைகளும் சேர்ந்து ஒளிக்கதிராக இழக்கும் 100 மெகாவாட்டை இடைவிடாமல் ஈடுகட்ட வேண்டும். 60 விழுக்காடு என்றால் பெருக்கிகளுக்கு 167 மெகாவாட். 80 விழுக்காடு என்றால் 125. ஒரு குழலின் உள்ளே எலக்ட்ரான்களைச் சற்று நேர்த்தியாகக் கொத்துக்கொத்தாகச் சேர்ப்பதால் 42 மெகாவாட் மிச்சம்! முடுக்கி இயலில் இவ்வளவு குறைந்த ஆரவாரத்தோடு இவ்வளவு பெரிய பயன் தரும் ஆராய்ச்சி வேறு உண்டா என்பது எனக்கு ஐயமே.

குறைகடத்திப் பெருக்கிகள் இன்னொரு வழி. நூற்றுக்கணக்கான சிறு தொகுதிகளின் வெளியீட்டை ஒன்றுசேர்ப்பதால், ஒன்றிரண்டு பழுதானாலும் எந்திரம் நிற்பதில்லை. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம், எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு ஆய்வுக்கான ஒளியைப் பெறும் இண்டஸ்-2 வளையத்துக்கு இத்தகைய பெருக்கிகளைத் தானே வடிவமைத்துப் பயன்படுத்தி வருகிறது.

மீக்கடத்தியில் மின்தடையே இல்லையே? பிறகு ஏன் செலவு?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நையோபியம் என்ற உலோகத்தால் செய்த மீக்கடத்துக் குழியின் சுவரில் ஏற்படும் இழப்பு, செப்புக் குழியோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் மாறுமின்புலத்தில் அது முற்றிலும் சுழியாவதில்லை. அந்தச் சிறு வெப்பமும் 2 கெல்வின் (ஏறத்தாழ மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) குளிரில், திரவ ஹீலியத்துக்குள் விழுகிறது. அங்கே விழுந்த 1 வாட்டை அறை வெப்பநிலைக்கு ஏற்றி வெளியேற்றுவது எளிதன்று. கார்னோ விதிப்படி, குறையே இல்லாத குளிர்விப்பானுக்கும் ஏறத்தாழ 150 வாட் வேண்டும். நடைமுறை எந்திரங்கள் எடுப்பதோ 700 வாட்டுக்கும் மேல். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியையே சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மின்கட்டணம் ஏறுகிறது. இங்கே வெப்பம் ஏற வேண்டிய மேடு அதைவிட எத்தனையோ மடங்கு செங்குத்தானது.

2 கெல்வினுக்குப் பதிலாக 4.5 கெல்வினில் இயங்க முடிந்தால் 1 வாட்டுக்கான செலவு 200 முதல் 250 வாட் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதற்காக நையோபியத்தின் மேல் நையோபியம்-வெள்ளீயக் கலவையை மெல்லிய படலமாகப் பூசும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. இது முழுமையாகக் கைகூடும் நாளில், சிறிய முடுக்கிகள் பெரிய ஹீலியம் ஆலை இல்லாமலேயே இயங்கக்கூடும்.

பெரும் ஹாட்ரான் மோதுவியில் காந்தங்களே மீக்கடத்திகள். 1.9 கெல்வினில் ஏறத்தாழ 36,000 டன் உலோகத்தைக் குளிராக வைத்திருக்க 40 மெகாவாட் அளவு மின்சாரம் செலவாகிறது. ஆனால் அதே காந்தப்புலத்தைச் செப்புச் சுருளால் அந்தச் சுரங்கப்பாதைக்குள் உருவாக்கவே முடியாது. எனவே இங்கே மீக்கடத்தி வெறும் சிக்கனத்துக்காக வந்ததன்று. அது இல்லாமல் எந்திரமே இல்லை.

வளைய முடுக்கியா, நேர் முடுக்கியா, எது சிக்கனமானது?

துகளைப் பொறுத்தது. வளைந்து ஓடும் துகள் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். அந்த இழப்பு, ஆற்றலின் நான்காம் அடுக்கில் ஏறும். நிறையின் நான்காம் அடுக்கில் இறங்கும். எலக்ட்ரானைவிடப் புரோட்டான் 1,836 மடங்கு கனமானது. ஆகவே புரோட்டானுக்கு வளையம் தோது. உயர் ஆற்றல் எலக்ட்ரானுக்கு அது பெருஞ்செலவு. 2000ஆம் ஆண்டு வரை செர்னில் இயங்கிய எலக்ட்ரான் வளையத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துகள் தன் ஆற்றலில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை இழந்துகொண்டிருந்தது.

நேர் முடுக்கியில் இந்த இழப்பு இல்லை. ஆனால் கற்றையை ஒரே ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிகிறோம். இதற்கு மாற்றாக மோரி டிக்னர் 1965இல் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. பயன்படுத்திய கற்றையை மீண்டும் அதே குழிக்குள், அலையின் எதிர்க்கட்டத்தில் அனுப்பினால், துகள்கள் வேகம் குறைந்து தம் ஆற்றலைக் குழிக்கே திருப்பிக் கொடுக்கும். அடுத்து வரும் துகள்கள் அதை எடுத்துக்கொள்ளும். கடற்கரையிலிருந்து புறப்படும் மின்தொடர் வண்டி பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருவதோடு இதை ஒப்பிட்டு விளக்குவேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019 இறுதியில் நான்கு சுற்று ஏற்றி, நான்கு சுற்று இறக்கி இதைச் செய்துகாட்டினார்கள்.

காந்தங்களுக்கு மின்சாரமே தேவைப்படாமல் செய்ய முடியாதா?

நிலைக்காந்தங்களைக் கொண்டு செய்யலாம். பிரான்ஸின் கிரெனோபிளில் 2020இல் புதுப்பித்துத் திறந்த ஒத்தியங்கு ஒளி வளையமும் (இண்டஸ்-2 போன்றது), பிரேசிலில் உள்ள அதே வகை சிரியஸ் வளையமும் வளைவுக் காந்தங்களில் இவற்றைப் பயன்படுத்துகின்றன. ஆற்றலை அடிக்கடி மாற்ற வேண்டிய எந்திரங்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. நிலைக்காந்தத்துக்கு வேண்டிய அருமண் உலோகங்கள் மண்ணைத் தோண்டித்தான் வருகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து கனிமம் பிரிப்பதை அறிந்த நமக்கு, சுரங்கத்தின் சுமையைக் கணக்கில் சேர்க்காத "பசுமை" முழுமையாகத் தோன்றாது.

வெளியேறும் வெப்பத்தைப் பயன்படுத்தலாமே?

லுண்ட் நகரின் மேக்ஸ் ஃபோர் என்ற ஒத்தியங்கு ஒளி வளையம் தன் கழிவு வெப்பத்தை ஊரின் வெந்நீர்க் குழாய் வலையமைப்புக்குத் தருகிறது. அங்கே வீடுகள் அதனால் சூடாகின்றன. செர்னின் வெப்பத்தை அருகிலுள்ள ஃபெர்னே-வோல்தேர் ஊருக்குக் கொடுக்கும் திட்டமும் அதே வகைதான். இவற்றைப் பாராட்டிவிட்டு "நாமும் செய்யலாம்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் சென்னையில் யாருக்கு வீடு சூடாக வேண்டும்?

இங்கே வெப்பம் தொல்லை மட்டுமல்ல, தண்ணீர்ச் செலவும்கூட. குளிர்விப்புக் கோபுரத்தில் 1 மெகாவாட் வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்ற நாளொன்றுக்கு ஏறத்தாழ 36,000 லிட்டர் நீர் காற்றோடு போகும். 10 மெகாவாட் என்றால் 3,60,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 30 வந்து நிற்க வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் இந்த எண்ணை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பேன். கடல்நீரை வெப்பமாற்றி வழியாகப் பயன்படுத்துவதே கடலோரத்தில் நேர்மையான வழி.

பயனாக மாற்றவும் ஒரு வழி நம் ஊரிலேயே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், சற்று வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, குளிர்ந்த நீரால் அதை மீண்டும் நீராக்கும் முறையில் 2005இல் கவரத்தித் தீவில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் ஆலையை நிறுவியது. பின்னர் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தைக் கொண்டும் அதையே செய்துகாட்டியது. 40, 45 டிகிரி அளவில் வெளிவரும் முடுக்கியின் குளிர்நீருக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் அறியேன். லுண்டில் வெந்நீர் என்றால் இங்கே குடிநீர்.

குளிர்விப்பு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

நகரின் ஒரு மருத்துவமனையில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கான எலக்ட்ரான் முடுக்கி அது. சில பத்துக் கிலோவாட் எடுக்கும் சிறிய எந்திரம். மே மாத நண்பகலில் திடீரென்று நின்றுவிட்டது. திரையில் நீர் வெப்பநிலை எச்சரிக்கை. செப்பாலான முடுக்கக் குழாய் சற்றே சூடாகி விரிந்தாலும் அதன் ஒத்ததிர்வு விலகிவிடும் என்பதால், எந்திரம் தானாகவே கற்றையை நிறுத்திவிடுகிறது. பின்சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தோம். குளிர்விப்பானின் அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசியும் வேப்பம்பூவும் ஒட்டி மெத்தைபோல் அடைத்திருந்தன. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. ஊழியர் ஒருவர் ரப்பர் குழாயை எடுத்து மேலிருந்து கீழாகப் பொறுமையாக அடித்துக் கழுவினார். கரும்பழுப்பாய் நீர் வழிந்தது. இருபது நிமிடத்தில் முள் இறங்கியது. வெளியே காத்திருந்த நோயாளிகளை உள்ளே அழைத்தார்கள். அதற்கு முந்தைய பல வாரங்களாக அந்த அடைப்போடு போராடிக் குளிர்விப்பானின் அமுக்கி (கம்பிரசர்) வீணாக்கிய மின்சாரத்தை யாரும் கணக்கெடுத்திருக்கவில்லை.

சூரிய ஒளியிலும் காற்றிலும் முடுக்கியை இயக்க முடியுமா?

ஆண்டுக் கணக்கில் ஈடுகட்டலாம். நொடிக் கணக்கில் பின்தொடர்வது கடினம். ஹீலியம் ஆலையை மாலையில் அணைத்துக் காலையில் போட முடியாது. பெரும் ஹாட்ரான் மோதுவி ஒருமுறை வெப்பமேறினால் மீண்டும் குளிர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் பருவத்தைப் பார்த்து அட்டவணை போடலாம். ஐரோப்பாவில் குளிர்காலம்தான் மின்தேவையின் உச்சம் என்பதால் செர்ன் அப்போதுதான் பராமரிப்புக்கு நிற்கும். ஆற்றல் நெருக்கடி வந்த 2022இல் அதை இரண்டு வாரம் முன்னதாக, நவம்பர் 28 அன்றே தொடங்கியது.

நமக்கு அட்டவணை தலைகீழ். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அடுத்த மாதமே தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் புகுந்து காற்றாலைகளைச் சுழற்றும். ஆகவே இங்கே ஒரு பெருந்திறன் முடுக்கி அமைந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பராமரிப்பு, ஜூன் முதல் செப்டம்பர் வரை முழுவீச்சு என்று இருக்க வேண்டும். இந்திய மின்வலையமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அணுமின்சாரம் மிகுந்த பிரான்ஸில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் இங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அங்கே இருப்பதைவிட மதிப்பு அதிகம்.

மின்சாரம் மட்டும்தான் சுற்றுச்சூழல் சுமையா?

இல்லை. செர்னின் நேரடி உமிழ்வுகளில் பெரும்பகுதி, துகள் உணரிகளிலும் அவற்றின் குளிர்விப்பிலும் பயன்படும் ஃபுளோரின் வாயுக்களின் கசிவிலிருந்து வருகிறது. சுரங்கப்பாதையின் சிமென்ட்டும் இரும்பும் இன்னொரு சுமை. 1980களில் எலக்ட்ரான் வளையத்துக்காகத் தோண்டிய அதே சுரங்கத்தில் இன்றைய மோதுவி இயங்குவதை, நல்ல மறுபயன்பாட்டுக்கு முன்மாதிரியாகச் சொல்லலாம்.

தேனி நியூட்ரினோ திட்டத்திலும் முடுக்கி உண்டா?

இல்லை. பொட்டிப்புரத்துக்குத் திட்டமிடப்பட்டது, வளிமண்டலத்தில் இயற்கையாக உருவாகும் நியூட்ரினோக்களை மலைக்கடியில் பதிவுசெய்யும் உணரி. அதைப் பற்றிய விவாதம் வேறு.

முடுக்கியால் மின்சாரம் தயாரிக்க முடியும் என்கிறார்களே?

முடுக்கி தூண்டும் தோரிய உலையைச் சொல்கிறார்கள். தானாகத் தொடர்வினை நடக்காத அளவில் எரிபொருளை வைத்து, முடுக்கியின் புரோட்டான்கள் கன உலோகத்தில் தெறிக்கவைக்கும் நியூட்ரான்களால் உலையை ஓட்டுவது இதன் கருத்து. கற்றையை நிறுத்தினால் வினையும் அடங்கிவிடும். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 20 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் முடுக்கியைக் கட்டியது இந்தப் பாதையின் முதற்படி. பெல்ஜியத்தின் மிர்ரா திட்டம் 600 மெகா எலக்ட்ரான்வோல்ட், 4 மில்லிஆம்பியரை நோக்கிச் செல்கிறது. சிக்கனம் இங்கே அலங்காரமன்று. 10 மெகாவாட் கற்றைக்கு முடுக்கியின் பயனுறுதிறன் 20 விழுக்காடு என்றால் உலை தன் மின்சாரத்தில் 50 மெகாவாட்டை முடுக்கிக்கே திருப்பித் தர வேண்டும். 40 விழுக்காடு என்றால் 25 போதும்.

சென்னை மாணவர் ஒருவர் இதில் எங்கிருந்து தொடங்கலாம்?

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் கட்டும் 800 மெகா எலக்ட்ரான்வோல்ட் நேர் முடுக்கிக்கு இந்திய ஆய்வகங்கள் மீக்கடத்துக் குழிகளையும் காந்தங்களையும் குறைகடத்திப் பெருக்கிகளையும் தருகின்றன. ஆகவே மின்னணுவியல், குளிர்பதனம், பொருளறிவியல் என்று எந்தக் கதவு வழியாகவும் உள்ளே வரலாம். முதல் பாடத்துக்கு முடுக்கிகூடத் தேவையில்லை. உங்கள் கல்லூரியில் நீரால் குளிரும் எந்தக் கருவி இருந்தாலும், நீர் உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் வெப்பமானியைக் கட்டுங்கள்; ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு நீரோட்டத்தை அளவிடுங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடி 6 டிகிரி சூடேறினால், நொடிக்கு 1 கிலோ, பெருக்கல் 4.2, பெருக்கல் 6, அதாவது ஏறத்தாழ 25 கிலோவாட் வெப்பம் அந்தக் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு சுவரில் உள்ள மின்மீட்டரைப் பார்த்து, அந்தக் கருவியும் குளிர்விப்பானும் தனித்தனியே எவ்வளவு எடுக்கின்றன என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.